2147483647: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்கு நான் நடத்தும் மாலைக் கணித வகுப்பில், கரும்பலகையின் வலது மேல் மூலையில் 2147483647 என்ற எண் பல ஆண்டுகளாக அழிக்கப்படாமல் இருக்கிறது. புதிதாகச் சேரும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே அது என்னவென்று கேட்டுவிடுவார்கள். பிள்ளையை அழைத்துப்போக வரும் பெற்றோரும் சில வேளைகளில் கேட்பதுண்டு. அவர்கள் கேட்டவற்றையும், வகுப்பில் அவசரமாகச் சொல்லி முடித்த விடைகளைச் சற்று விரித்தும் இங்கே எழுதியிருக்கிறேன். இலங்கைப் பாடநூல்களின் சொற்களையே கையாள்கிறேன். தமிழ்நாட்டு வாசகர்கள் முதன்மை எண் என்பதைப் பகா எண் என்றும், வலு என்பதை அடுக்கு என்றும், துவித எண் என்பதை இரும எண் என்றும் வாசித்துக்கொள்ளலாம்.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. கோடிக் கணக்கில் இதை 2,14,74,83,647 என்றும், மில்லியன் கணக்கில் 2,147,483,647 என்றும் பிரித்து எழுதுவோம். நம்முடைய செய்தித்தாள்கள் இரண்டு முறைகளையும் கலந்து எழுதுவதால், மாணவர்கள் இரண்டிலும் வாசித்துப் பழகுவது நல்லது.

பத்து இலக்க எண்கள் எத்தனையோ இருக்க, இந்த எண்ணுக்கு மட்டும் என்ன சிறப்பு?

இது 2³¹ − 1. இரண்டை முப்பத்தொரு தடவை பெருக்கி வரும் விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். இதைப் பற்றிக் கீழே வரும் செய்திகள் எல்லாமே இந்த ஒரு வடிவத்திலிருந்து பிறப்பவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பில் இதை நான் ஜனவரி மாதக் கணக்காகச் சொல்வது வழக்கம். ஜனவரி முதலாம் திகதி ஒரு ரூபாவை உண்டியலில் போடுங்கள். இரண்டாம் திகதி 2 ரூபா, மூன்றாம் திகதி 4 ரூபா என்று ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் இருமடங்கைப் போடுங்கள். பத்தாம் நாள் முடிவில் உண்டியலில் 1023 ரூபா இருக்கும். ஒரு சைக்கிளின் ரயர் வாங்கவும் அது போதாது. இருபதாம் நாள் 10,48,575 ரூபாவாகிறது. முப்பத்தோராம் நாள் மட்டும் 107 கோடிக்கு மேல் போட வேண்டியிருக்கும். மாத முடிவில் உண்டியலில் இருக்கும் மொத்தம் சரியாக 2147483647 ரூபா. கடைசி நாளில் போடும் தொகை, அதற்கு முந்தைய முப்பது நாட்களிலும் சேர்ந்த தொகையைவிடச் சரியாக ஒரு ரூபா கூடுதலாக இருக்கும். மாணவர்கள் நம்ப மறுப்பது இந்த இடத்தைத்தான். 1, 2, 4 ஆகியவற்றைக் கூட்டினால் 7, அடுத்து வருவது 8 என்று விரல் விட்டு எண்ணிக் காட்டிய பிறகே நம்புகிறார்கள்.

துவித எண்ணாக எழுதினால் இது முப்பத்தொரு 1கள் வரிசையாக நிற்கும் எண். இடையில் ஒரு பூச்சியமும் இல்லை.

இது முதன்மை எண் என்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி நம் ஊரில் கேள்விப்படாதவர்கள் இல்லை. 99 தாங்கிகளை ஒரு வெளியில் புதிதாக அடுக்குவதாக நினைத்தால், வரிசைக்கு 11 வீதம் 9 வரிசைகளாக மிச்சமின்றி நிறுத்திவிடலாம். ஆகவே 99 ஒரு சேர்த்தி எண். தாங்கிகள் 97 ஆக இருந்தால், ஒரே நீண்ட வரிசையாக நிறுத்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. 97 ஒரு முதன்மை எண். 2147483647 பொருட்களையும் அப்படித்தான், ஒரே வரிசையாக அன்றிச் சம நீளமுள்ள பல வரிசைகளாக ஒருபோதும் அடுக்க முடியாது. 2, 3, 5, 7 என்று தொடங்கும் முதன்மை எண்களின் வரிசையில் இது 10,50,97,565 ஆவது இடத்தில் நிற்கிறது.

31 உம் முதன்மை எண்தான். இது தற்செயலா?

தற்செயல் அல்ல. சுட்டி, அதாவது 2 இன் தலைமேல் எழுதும் எண், சேர்த்தி எண்ணாக இருந்தால் விடையும் சேர்த்தி எண்ணாகிவிடும். துவித எண்ணாக ஆறு 1களை எழுதுங்கள்: 111111, அதாவது 63. இதை 111, 111 என்று இரண்டு சம துண்டுகளாக வெட்டலாம் என்பதால், 111 ஆகிய 7 இதைக் கட்டாயம் வகுக்கும்; 63 = 7 × 9. முப்பத்தொரு 1களை இப்படிச் சம துண்டுகளாக வெட்ட முடியாது. ஆனால் இதன் மறுதலை உண்மையல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்: 11 முதன்மை எண்ணாக இருந்தும், 2¹¹ − 1 ஆகிய 2047 ஐ 23 × 89 என்று காரணிப்படுத்தலாம். ஆகவே 31 முதன்மை எண் என்பது 2³¹ − 1 முதன்மை எண்ணாக இருப்பதற்கு வேண்டிய தகுதியே தவிர, போதுமான சான்று அன்று.

கணினி இல்லாத காலத்தில் இதை எவ்வாறு நிறுவினார்கள்?

என் மனதுக்கு மிக நெருக்கமான கேள்வி இது, விடையும் நீளமானது.

சாதாரண வழியில் போனால், ஓர் எண்ணை அதன் வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். 46340 இன் வர்க்கம் 2147395600, 46341 இன் வர்க்கம் 2147488281. எனவே 46340 வரை சோதித்தால் போதும். அதுவரையில் உள்ள முதன்மை எண்களே பல ஆயிரம். 1772 இல் வெளியான, சக கணிதவியலாளர் பேர்னூலிக்கு எழுதிய ஒரு கடிதத்தில், இந்த எண் முதன்மை எண் என்பதை லெனார்ட் ஆய்லர் அறிவித்தார். அந்தக் காலத்தில் அவருடைய கண்பார்வை பெரும்பாலும் போயிருந்தது. பார்வை மங்கிய ஒருவர் இந்த வேலையைச் செய்து முடிக்க முடிந்ததற்குக் காரணம், எந்த எண்களால் வகுத்துப் பார்க்கவே தேவையில்லை என்பதை அவர் முதலில் கண்டுகொண்டதுதான்.

அந்தச் சிந்தனையைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை வைத்து விளக்குகிறேன். அங்குள்ள ஏழு கிணறுகளுக்கும் 0 முதல் 6 வரை இலக்கமிட்டு, 1 இலக்கக் கிணற்றில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் இலக்கத்தை இருமடங்காக்கி அந்தக் கிணற்றுக்குச் செல்லுங்கள். 6 ஐத் தாண்டினால் ஏழைக் கழித்துவிடுங்கள். 1, 2, 4 என்று போய், 8 க்குப் பதிலாக மீண்டும் 1 க்கு வந்து சேர்வீர்கள். சுற்றின் நீளம் 3. எந்த ஒற்றை முதன்மை எண்ணை எடுத்தாலும் இந்தச் சுற்றின் நீளம் அந்த எண்ணிலும் ஒன்று குறைந்த எண்ணை மிச்சமின்றி வகுக்கும் என்பது, 17 ஆம் நூற்றாண்டில் பியர் டி பெர்மா கண்ட தேற்றத்தின் விளைவு. இங்கே 3 ஆனது 6 ஐ வகுக்கிறது.

இப்போது ஏதோ ஒரு முதன்மை எண் 2³¹ − 1 ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹ ஐ அதனால் வகுக்க மீதி 1. அதாவது முப்பத்தோராவது அடியில் தொடங்கிய கிணற்றுக்கே திரும்பிவிடுகிறோம். 31 முதன்மை எண் ஆதலால் சுற்றின் நீளம் சரியாக 31 ஆகத்தான் இருக்க முடியும். ஆகவே நமது வகுக்கும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 31 இன் மடங்கு வர வேண்டும். அந்த எண் ஒற்றை எண் ஆதலால் 62 இன் மடங்காகவே வர வேண்டும். இந்த ஒரே வரியில் 2, 3, 5, 7, 11, 13 எல்லாம் வகுக்காமலே விலகிவிடுகின்றன. இதற்கு மேலும் ஒரு வடிகட்டி உண்டு. 2³² ஐ அதே எண்ணால் வகுக்க மீதி 2; 2³² என்பதோ 2¹⁶ இன் வர்க்கம். ஒரு வர்க்க எண் மீதி 2 தருமாறு உள்ள ஒற்றை முதன்மை எண், எட்டால் வகுபடும்போது 1 அல்லது 7 ஐ மட்டுமே மீதியாகத் தரும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், வகுக்கக்கூடிய முதன்மை எண் 248 ஆல் வகுபடும்போது மீதி 1 அல்லது 63 தர வேண்டும் என்ற முடிவு கிடைக்கிறது.

46340 வரை அப்படிப்பட்ட எண்கள், 1 ஐ விட்டுவிட்டு எண்ணினால், 373 தான். அவற்றிலும் 63, 249, 497 போன்ற சேர்த்தி எண்களை நீக்கிவிட்டால், எஞ்சுவதை ஒருவர் பொறுமையோடு சில நாட்களில் கையாலேயே வகுத்து முடித்துவிடலாம். ஆய்லரின் இந்த விடை 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, அறியப்பட்ட முதன்மை எண்களில் மிகப் பெரியதாக நிலைத்திருந்தது.

மாணவர்கள் இந்த வகுத்தலை உண்மையில் செய்து பார்த்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். ஒரு விடுமுறையில் மூன்று மாணவிகள் ஒரு சீ.ஆர். கொப்பியின் பக்கங்களை நெடுக்காக மடித்து, ஒரு பக்கத்துக்கு ஒரு வகுத்தல் என்று தொடங்கினார்கள். முதல் பக்கத்தில் 311: ஈவு 6905092, மீதி 35. அடுத்து 1303: ஈவு 1648107, மீதி 226. அதற்கடுத்து 1489: ஈவு 1442232, மீதி 199. மூன்றாவது வகுத்தலில் ஓர் இலக்கத்தைக் கீழே இறக்க மறந்ததால் விடை ஓர் இலக்கம் குறைந்து வந்தது. ஈவையும் வகுத்த எண்ணையும் பெருக்கி, மீதியைக் கூட்டிப் பார்த்து அந்தப் பிழையை அவர்களே பிடித்தார்கள். கணிகருவியைத் தொடாமல் அவர்கள் அன்று அடைந்த மகிழ்ச்சியை நான் இன்றும் நினைத்துக்கொள்வேன்.

மெர்சென் எண் என்று ஏன் சொல்கிறார்கள்?

மரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644 இல், 257 வரையுள்ள சுட்டிகளில் எவற்றுக்கு, 2 இன் வலுவிலிருந்து ஒன்று குறைந்த இவ்வகை எண் முதன்மை எண்ணாகும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதில் 67, 257 ஆகியவை தவறு. 61, 89, 107 ஆகியவை விடுபட்டுவிட்டன. இருந்தாலும் 31 பற்றி அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அதை நிறுவ 128 ஆண்டுகள் ஆயின.

373 வகுத்தல்களைவிடக் குறுகிய வழி உண்டா?

உண்டு. எடுவார்ட் லூக்கா 1870களில் கண்டு, 1930 இல் டெரிக் லேமர் எளிமையாக்கிய, மெர்சென் எண்களுக்கான சோதனை ஒன்று இருக்கிறது. 4 இல் தொடங்குங்கள். வர்க்கித்து 2 ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சுட்டியிலும் இரண்டு குறைந்த தடவைகள் திருப்பிச் செய்யுங்கள். இறுதியில் பூச்சியம் வந்தால் முதன்மை எண், வராவிட்டால் சேர்த்தி எண். 2⁵ − 1 ஆகிய 31 ஐ எடுத்துக்கொண்டால் மூன்று படிகள்: 4 இலிருந்து 14, 14 இலிருந்து 194, மீதி 8, 8 இலிருந்து 62, மீதி 0. 127 க்கு ஐந்து படிகளில் 14, 67, 42, 111, 0 என்று வரும். 2147483647 க்கு இருபத்தொன்பதே படிகள் போதும். ஒவ்வொரு படியிலும் பத்து இலக்க எண்ணை வர்க்கிக்க வேண்டியிருப்பதால் கைவேலை குறைவு என்று சொல்லமாட்டேன். ஆனால் காரணியைத் தேடாமலே ஓர் எண்ணின் தன்மையைச் சொல்லிவிடுவது இந்தச் சோதனையின் அழகு.

இதே லூக்காதான் 1883 இல் ஹனோய் கோபுரம் என்ற விளையாட்டை வெளியிட்டவர். மூன்று கம்பங்களில் ஒன்றிலுள்ள தட்டுகளை, சிறியதன் மேல் பெரியது வராதபடி, ஒவ்வொன்றாக வேறொரு கம்பத்துக்கு மாற்ற வேண்டும். 31 தட்டுகள் இருந்தால் குறைந்தது 2147483647 நகர்த்தல்கள் தேவை.

இதனோடு சேர்ந்து வரும் செவ்விய எண் எது?

தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் செவ்விய எண் எனப்படும்; 6 = 1 + 2 + 3, 28 = 1 + 2 + 4 + 7 + 14. முதன்மை எண்ணாக அமையும் ஒவ்வொரு மெர்சென் எண்ணும் ஒரு செவ்விய எண்ணைத் தரும் என்று யூக்கிளிட் காட்டினார். இரட்டைச் செவ்விய எண்கள் அனைத்தும் அப்படித்தான் வரும் என்று ஆய்லர் நிறுவினார். நமது எண்ணை 2³⁰ ஆல் பெருக்கினால் எட்டாவது செவ்விய எண்ணாகிய 2305843008139952128 கிடைக்கும். இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை எவரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று 1811 இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீற்றர் பார்லோ எழுதினார். பயனற்ற ஒரு தேடலில் யாரும் அவ்வளவு பாடுபடமாட்டார்கள் என்று அவர் கருதினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே லூக்கா 2¹²⁷ − 1 ஐயும், இவான் பெர்வுஷின் 2⁶¹ − 1 ஐயும் முதன்மை எண்கள் என்று காட்டிவிட்டார்கள்.

இதன் அண்டை எண்களும் முதன்மை எண்களா?

இல்லை. இரண்டு குறைந்த 2147483645 ஐ 5 வகுக்கும். இரண்டு கூடிய 2147483649 ஐ 3 வகுக்கும். எனவே இதற்கு இரட்டையாக நிற்கும் முதன்மை எண் இல்லை. இதற்கு முந்தைய முதன்மை எண் 2147483629, அடுத்தது 2147483659.

இதை வர்க்க எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாமா?

நான்கு வர்க்கங்கள் கட்டாயம் தேவை, மூன்றால் முடியாது. எட்டால் வகுக்கும்போது மீதி 7 தரும் எந்த எண்ணையும் மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியாது. ஒரு வர்க்கத்தை எட்டால் வகுத்தால் வரும் மீதி 0, 1, 4 ஆகியவற்றில் ஒன்றுதான். அவற்றில் மூன்றைக் கூட்டி எப்படியும் 7 ஐப் பெற முடியாது. நான்கு வர்க்கங்களால் எந்த எண்ணையும் எழுதலாம் என்று 1770 இல் லாகிராஞ்சு நிறுவினார். தாளில் தேடியபோது எனக்குக் கிடைத்த ஒரு விடை இது:

2147483647 = 46339² + 425² + 10² + 1²

வேறு விடைகளும் உண்டு. முதலில் 46340 ஐ எடுத்துப் பார்த்தேன். எஞ்சிய 88047 உம் எட்டால் வகுபடும்போது மீதி 7 தருவதால் அந்த வழி அடைபட்டுவிட்டது.

கணினி படிக்கும் என் மகன் இந்த எண்ணை எல்லை என்கிறான். எதன் எல்லை?

32 துவித இலக்கங்களில் முழு எண் ஒன்றைச் சேமிக்கும்போது, ஓர் இலக்கம் நேர், மறை என்ற குறிக்குப் போய்விடும். மிஞ்சும் 31 இடங்களிலும் 1 நிரம்பினால் வருவது நமது எண். அதனோடு ஒன்றைக் கூட்டினால், வழமையான கணினிகளில் அது −2147483648 ஆகப் புரண்டுவிடும்.

பல கணினிகள் நேரத்தை, கிரீன்விச் நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கடந்த வினாடிகளாக எண்ணுகின்றன. இலங்கையில் அது அதிகாலை 5.30. 2147483647 வினாடிகள் என்பது 24,855 நாட்கள், 3 மணி, 14 நிமிடம், 7 வினாடி. இன்றைய இலங்கை நேரம் மாறாதிருந்தால், 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு இந்த எண்ணை அடைவோம். அடுத்த வினாடியில், மாற்றப்படாத 32 இலக்க முறைமைகள் கிரீன்விச் நேரப்படி 1901 டிசம்பர் 13 க்குப் பின்செல்லும். 64 இலக்கங்களில் நேரத்தை எண்ணும் முறைமைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் பொருத்தி மறந்துபோன கட்டுப்பாட்டுக் கருவிகளைத்தான் அதற்கு முன்னரே தேடிப் பார்க்க வேண்டும்.

இது முதன்மை எண்ணாக இருப்பதால் கணினிக்கு ஏதேனும் பயன் உண்டா?

உண்டு. எழுந்தமானமாகத் தோன்றும் எண்களை உருவாக்க, முந்தைய எண்ணை 16807 ஆல் பெருக்கி, 2147483647 ஆல் வகுத்து மீதியை எடுக்கும் முறை நெடுங்காலம் பயன்பட்டது. 1988 இல் பார்க், மில்லர் என்ற இருவர் இதைக் குறைந்தபட்சத் தரம் என்று பரிந்துரைத்தார்கள். 1 இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். கன்னியாக் கிணறுகளின் சுற்று இங்கே மீண்டும் வருகிறது: 7 இன் ஐந்தாம் வலுவாகிய 16807 ஐப் பயன்படுத்தினால், 1 முதல் 2147483646 வரையுள்ள ஒவ்வோர் எண்ணையும் ஒரேயொரு தடவை தொட்ட பிறகே சுற்று தொடக்கத்துக்குத் திரும்பும். இரகசியக் குறியீடுகளுக்கு இது ஏற்றதல்ல, ஏனெனில் ஓர் எண்ணை அறிந்தவர் அடுத்ததைக் கணித்துவிடலாம்.

இந்த எண்ணையே 2 இன் சுட்டியாக வைத்து, விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் என்ன வரும்?

64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட ஓர் எண் வரும். அது முதன்மை எண் அன்று. 295257526626031 அதை வகுக்கும் என்று கண்டிருக்கிறார்கள். அந்தக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்து 2147483647 ஆல் வகுத்துப் பாருங்கள். மிச்சமின்றி 137490 வரும். ஆய்லரின் வடிகட்டி அங்கேயும் பொருந்துகிறது.

இன்று அறியப்பட்ட மிகப் பெரிய முதன்மை எண் எது?

2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2 இன் 136279841 ஆம் வலுவிலிருந்து ஒன்று குறைந்த எண், அதற்குப் பின் பெரியது வரவில்லையானால். அதுவும் ஒரு மெர்சென் எண். 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது.

நானும் செய்து பார்க்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

மாணவிகள் 1489 வரை செய்துவிட்டார்கள். அடுத்து வரும் சேர்த்தி எண்களை விலக்கினால் 2543 க்கு வருவீர்கள். விலக்கப்படுபவற்றில் மேலே கண்ட 2047 உம் ஒன்று. 2543 க்கு ஈவு 844468, மீதி 1523. அதற்கடுத்தது 2729. அதற்கு ஈவு 786912, மீதி 799 வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால், ஈவை 2729 ஆல் பெருக்கி மீதியைக் கூட்டிப் பாருங்கள், எந்த இலக்கத்தில் பிசகியது என்பது அங்கே தெரிந்துவிடும்.